சொல்லும் சொல்லின் மதிப்பும்



தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் பல லட்சம் பேர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கருநாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்டோரும், மகாராட்டிரத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேரும் தமிழைத் தம் தாய்மொழியாகப் பதிவு செய்தனர். இவர்களுள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேரூன்றியவரும் உண்டு. அண்மையில் புகைவண்டியில் வந்து இறங்கியவரும் உண்டு. எவராயினும், வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழத் தொடங்கியவர் முதலில் தேடிக்கொள்வது அவ்வூரின் சொற்களைத்தான். அரிசிக்கும் பாலுக்கும் வாடகைக்கும் வண்டிக்கும் உரிய சொற்கள் ஒரு திங்களில் வந்துவிடுகின்றன. எண்களும் வந்துவிடுகின்றன.

ஆயினும் ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் நம்மவர் சிலரைப் பற்றி அண்டை வீட்டார், “அவர் நல்லவர்தாம், ஆனால் பேச்சில் சற்றுக் கடுமை” என்று கூறுவதைக் கேட்கிறோம். நம்மவரும் அவரைக் குறித்து அவ்வாறே கூறுகின்றனர். இருவரும் நல்லெண்ணம் உடையவரே. இருவரும் ஒரே மொழியில்தான் பேசிக்கொள்கின்றனர். பின் குறை எங்கே உள்ளது? சொல் வந்துவிட்டது, சொல்லின் மதிப்பு வரவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் உண்டு. அதனோடு அச்சொல் கேட்பவர் உள்ளத்தில் பெறும் எடையும் உண்டு. பொருளை அகராதி தரும். எடையைப் பழக்கமே தரும். இவ்வேறுபாட்டைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதற்கண் நமக்கு ஊக்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் ஒரு குடும்பம். இந்தியும் வங்காளியும் மராத்தியும் குசராத்தியும் மற்றொரு குடும்பம். இவ்விரண்டும் வெவ்வேறு என்று கேட்டதும், அம்மொழிகளைக் கற்பது மலையேறுவது போன்றது என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சம் வேண்டியதில்லை. எமனோ என்னும் மொழியியலறிஞர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், இந்தியாவை ஒரே மொழிப் பரப்பாகக் கருத இடமுண்டு என்று காட்டினார். குடும்பம் வேறாயினும், நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த காரணத்தால் இம்மொழிகள் பல இயல்புகளில் ஒத்துவிட்டன என்பது அவர் முடிபு.

அவ்வொற்றுமையை நாமே நாள்தோறும் கேட்கலாம். ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் சொல்கிறோம். ‘நான்’ என்று தொடங்குவதில்லை. இந்தியில் ‘முஜே பூக் லகீ ஹை’ என்பர். மராத்தியில் ‘மலா பூக் லாக்லீ’ என்பர். அங்கும் ‘எனக்கு’ என்பதே முதற்சொல். வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும் நம் மொழியிற் போலவே. ‘காப்பி கீப்பி’ என்று நாம் எதிரொலியாகச் சொல்வதைப் போல, தேநீரை இந்திக்காரர் ‘சாய் வாய்’ என்பர். வங்காளியர் ‘சா டா’ என்பர். மராத்தியர் ‘சஹா பிஹா’ என்பர். எழுத்து மாறுகிறது, வழக்கம் மாறவில்லை. இந்தியில் ‘ஹம்’ என்னும் ஒரே சொல்லே நாம், நாங்கள் என்னும் இரண்டையும் சுட்டும். மராத்தியிலோ, கேட்பவரையும் உட்கொண்டால் ‘ஆபண்’, அவரை நீக்கினால் ‘ஆம்ஹீ’ என்று நம்மைப் போலவே வேறுபடுத்துவர். ஆகவே, தமிழில் எண்ணியதை வரிசை பெரிதும் குலையாமலே அம்மொழிகளில் சொல்லிவிட முடிகிறது. இது நமக்குக் கிடைத்துள்ள பெரிய வாய்ப்பு.

விடைபெறும் வழக்கத்திலும் இவ்வுறவைக் காணலாம். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்வது நம் மரபு. வங்காளியர் புறப்படும்போது ‘ஆஷி’ என்பர். அதன் பொருள் ‘வருகிறேன்’ என்பதே. மராத்தியில் ஆடவர் ‘யேதோ’ என்றும் மகளிர் ‘யேதே’ என்றும் சொல்வதும் அதுவே. குசராத்தியர் விடைகொடுக்கும்போது சொல்லும் ‘ஆவ்ஜோ’ என்பதற்கு ‘வாருங்கள்’ என்பது பொருள். ஆனால் இந்திக்காரர் ‘சல்தா ஹூம்’ என்று சொல்லிப் புறப்படுவார், அதாவது, ‘கிளம்புகிறேன்’. இது நம் வீட்டு முதியோர் செவிக்கு அமங்கலமாகத் தோன்றலாம். சொன்னவர் உள்ளத்தில் அத்தகைய எண்ணம் சிறிதும் இல்லை.

இனி, இடறும் இடங்களைப் பார்ப்போம். முதலாவது ஒலி. தமிழில் ‘க’ என்னும் எழுத்து ஒன்றே. அதன் ஒலி, நிற்கும் இடத்தைப் பொறுத்து வல்லெனவும் மெல்லெனவும் தானே அமையும். இந்தியில் அவ்வொலிகள் தனித்தனி எழுத்துகள். எழுத்து மாறினால் பொருளும் மாறும். உணவைக் குறிக்கும் சொல்லையும், பாட்டைக் குறிக்கும் சொல்லையும், ஒற்றைக் கண்ணரைக் குறிக்கும் சொல்லையும் நாம் தமிழில் ‘கானா’ என்று ஒரே வகையாகவே எழுத வேண்டியுள்ளது. அதைப் பார்த்துப் படிப்பவர் நா, சொல்லின் முதலில் வல்லொலியையே எழுப்பும். உணவு கேட்க விரும்பியவர் ஒற்றைக் கண்ணரைக் கேட்டவராகிறார். ஆதலின், தமிழெழுத்தில் பிறமொழிச் சொற்களை எழுதி உருப்போடுவது முதல் சில நாட்களுக்கே பயன்படும். அதன்பின் அம்மொழியின் எழுத்தைக் கற்பதே நேரான வழி. எழுத்தைக் கற்றவர்க்கு ஒலி வேறுபாடு கண்ணுக்கும் தெரியும். கடைப்பலகையும் மருந்துச் சீட்டும் பேருந்தின் முகப்பும் ஆசிரியராகிவிடும்.

ஒலி வேறுபாடு இருபுறமும் உண்டு என்பதையும் மறத்தல் ஆகாது. வங்காளியர் பேச்சில் ‘வ’ என்னும் ஒலி ‘ப’கரமாக ஒலிக்கும்; விவேகானந்தரையே அவர்கள் ‘பிபேகானந்த’ என்றுதான் சொல்வர். வெங்கடேசன் என்பவரைக் கொல்கத்தாவில் ‘பெங்கடேஷன்’ என்று அழைத்தால், அது எள்ளல் அன்று. அவர்கள் நாவின் இயல்பு. அவ்வாறே, வங்காளியில் அவன், அவள் என்னும் இரண்டுக்கும் ‘ஷே’ என்ற ஒரே சொல் உள்ளமையால், நம்மோடு இந்தியில் பேசும் வங்காளியர் ஆண்பால் பெண்பால்களை மாற்றிச் சொல்லக்கூடும். நமக்கும் அத்தகைய இடர் உண்டு. ‘போகிறேன்’ என்பது தமிழில் இருபாலார்க்கும் பொது. இந்தியில் ஆடவர் ‘ஜாதா ஹூம்’ என்றும் மகளிர் ‘ஜாதீ ஹூம்’ என்றும் கூறவேண்டும். கணவரிடம் மட்டும் கேட்டுக் கற்ற மனைவியும், தாயிடம் மட்டும் கேட்டுக் கற்ற மகனும் இவ்விடத்தில் இடறுவது இயல்பே. நம் பிழையைக் கண்டு பிறர் சிரிக்கலாகாது என விரும்பும் நாம், அவர் பிழையைக் கண்டும் சிரிக்கலாகாது.

இரண்டாவது இடறல், நமக்குத் தெரிந்தனவாகத் தோன்றும் சொற்களால் வருவது. வடமொழியினின்றும் வந்து எல்லா மொழிகளிலும் வழங்கும் சொற்கள் பலவற்றுக்கு, ஊருக்கு ஊர் பொருள் வேறு. தமிழில் ‘அவசரம்’ என்றால் விரைவு; இந்தியில் ‘அவ்ஸர்’ என்றால் வாய்ப்பு. நமக்கு உபந்நியாசம் என்பது சமயச் சொற்பொழிவு. இந்தியிலும் வங்காளியிலும் அது நாவல். நமக்குக் ‘கல்யாணம்’ திருமணம்; இந்தியில் ‘கல்யாண்’ நலம் என்னும் பொருளது. ‘சிக்ஷா’ இந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. நாம் தண்டனையைச் ‘சிட்சை’ என்பது மராத்தியோடு ஒத்தது. இவற்றால் சிரிப்பு விளையலாம், பெருந்தீங்கு விளையாது.

ஆனால் தீங்கு விளைக்கும் சொற்களும் உள. ‘ஆலோசனை’ என்னும் சொல்லைப் பாருங்கள். நமக்கு அது கலந்து எண்ணுதல் அல்லது அறிவுரை. வங்காளியில் ‘ஆலோசனா’ கலந்துரையாடல். இந்தியிலோ அது பெரும்பாலும் குறைகூறலையும் திறனாய்வையும் குறிக்கும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழர் ஒருவர், மேலதிகாரியின் திட்டத்தைப் பற்றி ‘ஆலோசனா செய்ய வந்திருக்கிறேன்’ என்று இந்தியில் பணிவோடு கூறினால், அவர் காதில் விழுவது ‘உங்கள் திட்டத்தைக் குறைகூற வந்திருக்கிறேன்’ என்பது. ‘அபிமானம்’ என்பதும் அத்தகையதே. நமக்கு அது பற்றும் பரிவும். இந்தியில் ‘அபிமான்’ செருக்கு. வங்காளியில் அது, அன்பு வைத்தவரிடம் உரிமையோடு கொள்ளும் மனத்தாங்கல். நம் ‘ஊடல்’ என்பதற்கு அது அணுக்கமானது. ஆனால் காதலரிடையே மட்டுமன்றித் தாய்க்கும் மகனுக்கும் இடையிலும் தோழரிடையேயும் அது நிகழும். ‘இவர் மிக்க அபிமானி’ என்று நாம் ஒருவரைப் புகழ, கேட்பவர் அதனை இகழ்ச்சியாகக் கொள்வர். தெரியாத சொல் நம்மைக் கேட்கச் செய்கிறது. தெரிந்த சொல்லோ நம்மைக் கேளாமலே விட்டுவிடச் செய்கிறது. ஆதலின், தெரிந்த சொல்லைத்தான் ஒருமுறைக்கு இருமுறை உசாவ வேண்டும்.

மூன்றாவது இடறலே மிகப் பெரிது. அது முன்னிலையில் நிற்பவரை அழைக்கும் முறை. தமிழில் ‘நீ’ ஒருமை, ‘நீங்கள்’ பன்மை, அப்பன்மையையே ஒருவர்க்கும் மதிப்புக் கருதிச் சொல்கிறோம். ஒருவரைப் பன்மையால் உரைப்பது உயர்வு பற்றிய வழக்கே அன்றி இலக்கண நெறியால் வந்ததன்று என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே எடுத்துக் கூறுகிறது. மதிப்பு என்பது இலக்கணத்தைக் கடந்து வழக்கிலே வாழ்வது என நம் முன்னோர் அன்றே கண்டிருந்தனர். வழக்கிலே வாழ்வது ஆதலால், ஊர் மாறினால் அது மாறும்.

இந்தியில் படி மூன்று. ‘தூ’ என்பது மிக நெருங்கியவர்க்கும் சிறு குழந்தைக்கும் கடவுளுக்கும் உரியது. பிறரிடம் சொன்னால் அது வசை. ‘தும்’ என்பது நண்பர்க்கும் இளையவர்க்கும் உரியது. ‘ஆப்’ என்பதே மதிப்புச் சொல். வங்காளியிலும் ‘துயி’, ‘துமி’, ‘ஆப்னி’ என மூன்று. ஆனால் மராத்தியில் ‘தும்ஹீ’ என்பது மதிப்புச் சொல். குசராத்தியில் ‘தமே’ என்பதும் மதிப்புச் சொல். தும், துமி, தும்ஹீ, தமே ஆகிய நான்கும் உடன்பிறந்த சொற்கள், ஒலியிலும் ஒத்தவை. இரண்டு ஊர்களில் அவை தோழமைக்கு உரியன; மற்ற இரண்டு ஊர்களில் பெரியோர்க்கு உரியன. மும்பையில் சில ஆண்டுகள் வாழ்ந்து, மராத்தியரின் ‘தும்ஹீ’யைக் கேட்டுப் பழகிய ஒருவர், தில்லிக்கு மாற்றலாகிச் சென்று அங்குள்ள முதியவரைத் ‘தும்’ என்று அழைத்தால், அவர் உள்ளத்தில் பணிவே இருந்தாலும் வாயினின்றும் வருவது பணிவன்று.

நமக்கு மிக அணித்தான மலையாளத்தில் இவ்விடர் இன்னும் நுண்ணியது. ‘நிங்ஙள்’ என்னும் சொல் நம் ‘நீங்கள்’ போலவே ஒலிக்கிறது, உருவிலும் அதுவே. ஆயினும் வயதிலோ பதவியிலோ மூத்தவரை ‘நிங்ஙள்’ என்று நேரே சுட்டுவதைக் கேரளத்தார் பலர் மதிப்புக் குறைவாகக் கருதுவர். ‘சேட்டன்’, ‘சேச்சி’, ‘சார்’ என்று முறையையோ பதவியையோ சொல்லி அழைப்பதே அங்கே பண்பு. மொழி நெருங்க நெருங்க இடர் குறையும் என்று எண்ணுகிறோம். நெருக்கமே சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

நம்மவர் பலரிடம் இக்குறை ஏன் நேர்கிறது என்பதும் எண்ணத்தக்கது. அவர்கள் இந்தியைக் கற்றது பள்ளியில் அன்று. சந்தையிலும் தொழிற்கூடத்திலும் வண்டி நிலையத்திலும். அங்கே அவர்களை எவரும் ‘ஆப்’ என்று அழைத்ததில்லை. தம் காதில் விழுந்த ‘தும்’ என்பதையே அவர்கள் பிறரிடம் திருப்பிச் சொல்கின்றனர். ஆகவே, அவர்கள் பேச்சின் கடுமை அவர்களுடையதன்று; அவர்கள் பெற்றதைத்தான் கொடுக்கின்றனர். இதற்கு மாற்று எளிது. காய்கறி விற்பவராயினும் துப்புரவு செய்பவராயினும் யாவரையும் முதலில் மதிப்புச் சொல்லாலேயே அழைக்கத் தொடங்குக. அவர் விரும்பினால் படியைத் தாமே குறைத்துக்கொள்வார். உயர்வாக அழைத்து உறவு கெட்டதில்லை. சொல்லோடு வினையையும் சேர்த்துக் கற்க வேண்டும். ‘ஆப்’ என்று தொடங்கி ‘ஆவோ’ என்று முடித்தலாகாது. ‘ஆயியே’ என்று முடித்தல் வேண்டும்.

பெயரும் முறைப்பெயரும் இவ்வாறே. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தம் பெயரை எழுதுவது நம் வழக்கம். குடும்பப் பெயர் பெரும்பாலார்க்கு இல்லை. மகாராட்டிரத்திலும் குசராத்திலும் தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்னும் மூன்றும் உண்டு. அங்குள்ள அலுவலகங்களில் நம் தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு நம்மை அழைப்பர். தந்தையைப் பெயர் சொல்லி அழைத்தலே தகாது என்று வளர்ந்த நமக்கு, அவர் பெயரால் நாமே அழைக்கப்படுவது உறுத்தத்தான் செய்யும். சினம் கொள்வதைவிட, நம் பெயர் முறையை முதல் நாளே விளக்கி, எப்பெயரால் அழைக்கலாம் என்று சொல்லிவிடுவது நன்று. நாமும் அவர் முறையை அறிதல் வேண்டும். குசராத்தில் பெயரோடு ‘பாய்’ அல்லது ‘பென்’ சேர்ப்பர். இந்தி வழங்கும் ஊர்களில் ‘ஜீ’ சேர்ப்பர். ‘தாதா’ என்பது வங்காளியிலும் மராத்தியிலும் அண்ணன். இந்தியில் தந்தையைப் பெற்ற பாட்டனார். கொல்கத்தாவில் இளைஞர் ஒருவரைத் ‘தாதா’ என்றால் அவர் மகிழ்வார். இந்தி வழங்கும் ஊரில் அவ்வாறு அழைத்தால் திகைப்பார்.

நலம் உசாவும் சொல்லுக்கும் இவ்விதி பொருந்தும். ‘சாப்பிட்டீர்களா?’ என்பது நமக்கு அன்புச் சொல். அதனை அப்படியே பெயர்த்துக் கேட்டால், கேட்பவர் தம்மை உணவுக்கு அழைப்பதாகவே கருதக்கூடும். ‘வேண்டாம்’ என்பது நமக்கு இயல்பான மறுப்பு. ‘நஹீம் சாஹியே’ என்று இந்தியில் அதனைப் பெயர்த்தால், விருந்தோம்புவார்க்கு அது வெட்டென இருக்கும். ‘ரஹ்னே தீஜியே’, அதாவது ‘இருக்கட்டும்’ என்பது மென்மையானது. நம் தமிழிலும் விருந்தில் ‘இருக்கட்டும்’ என்று சொல்லி இலையை மறைக்கிறோம் அன்றோ?

இவ்வளவும் வெளியே சென்று உழைப்பவர்க்குச் சொன்னது. வீட்டினுள் இருப்பவர் நிலை இன்னும் கருதத்தக்கது. மகன் வேலை பார்க்கும் ஊருக்கு முதுமையில் வந்து சேரும் தாய் தந்தையர், ஊரில் நாளெல்லாம் பேசி வாழ்ந்தவர். இங்கே பேச ஆளின்றி நாற்சுவர்க்குள் ஊமையராகின்றனர். நோய் வந்தால் மருத்துவரிடம் பேரக்குழந்தையே மொழிபெயர்க்கிறது. வலி, எரிச்சல், குத்தல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல் என்று நோவை வகைவகையாகச் சொல்ல நம் முதியோர் அறிவர். பத்து வயதுப் பேரன் அவை எல்லாவற்றையும் ‘தர்த்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறான். பேரன் முன்னிலையில் சொல்லக் கூசும் நோய்களைப் பாட்டி சொல்லாமலே மறைத்துவிடுகிறார். மருத்துவர்க்கு நோய் தெரிவதில்லை, மருந்து பொருந்துவதில்லை. சொல்லின் எடை ஈண்டு உயிரின் எடையாகிவிடுகிறது.

ஆகவே, வீட்டு முதியோர்க்கும் மகளிர்க்கும் அவ்வூர் மொழியில் சில சொற்களையேனும் கற்பித்தல் வேண்டும். உடலுறுப்புகளின் பெயர், நோவின் வகை, எத்தனை நாளாக உள்ளது என்பது, வீட்டு முகவரி, உதவி வேண்டும் என்னும் சொல் ஆகியன முதற்பாடமாக அமையட்டும். எரிச்சலுக்கு இந்தியில் ‘ஜலன்’ என்று ஒரு சொல் உண்டு. அதனைத் ‘தர்த்’ என்பதனின்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் மருத்துவர்க்குப் பாதி விளங்கிவிடும். நாட்களைச் சொல்லும்போது ‘கல்’ என்னும் இந்திச் சொல் நேற்றையும் நாளையும் ஒருங்கே குறிக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எது என்பதை வினைதான் காட்டும். கேட்டதை நம் சொல்லில் திருப்பிச் சொல்லி, ‘இதுதானே தாங்கள் கூறியது?’ என்று உசாவும் பழக்கம் மருந்து வாங்குமிடத்தில் மிகவும் இன்றியமையாதது. இவற்றுக்கெல்லாம் சிறந்த ஆசிரியர் அண்டை வீட்டு அம்மையாரே. அவரிடம் நாள்தோறும் ஒரு சொல் கேட்டு, நம் சொல் ஒன்றைக் கொடுத்தால், ஆண்டு முடிவில் மொழியும் வந்திருக்கும், உறவும் வந்திருக்கும்.

பிறமொழி கற்றால் நம்மொழி தேயுமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். 17ஆம் நூற்றாண்டில் காசியில் மடம் நிறுவிய குமரகுருபரர், பாதுஷாவிடம் அவர் மொழியிலேயே பேச விரும்பிக் கலைமகளை வேண்டிப் பாடியதே சகலகலாவல்லி மாலை என்பது வழிவழியாக வரும் செய்தி. அயல்மொழி வேண்டும் என்னும் விருப்பமே அங்கே ஒரு தமிழ் நூலுக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. 1898ஆம் ஆண்டில் காசிக்குச் சென்ற இளம் பாரதியார் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்து வடமொழியும் இந்தியும் பயின்றார். அதனால் அவர் தமிழ் குன்றவில்லை, விரிந்தது. நம் குழந்தைகள் தமிழ் கற்கும் உரிமையையும் அரசியலமைப்பு மறக்கவில்லை. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என, 1956ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுகிறது. வீட்டில் தமிழும் வீதியில் அவ்வூர் மொழியும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல.

நேயர்களே! சொல்லின் பொருளைக் கற்பதோடு நில்லாமல், ‘இச்சொல்லை இவ்வூரில் யாரிடம் சொல்வர், யாரிடம் சொல்லார்?’ என்று கேட்கக் கற்போமாக. அக்கேள்வியைக் கேட்பதே அவ்வூராரை மதிப்பதன் முதல் அடையாளம். அவ்வாறு கேட்பவரின் உச்சரிப்பில் குறை இருந்தாலும், ஊரார் அதனைப் பொறுத்துக்கொள்வர்.